சும்மா இருக்காத கை

கன்ரீனுக்குப் பின்னால் குலை வெட்டிச் சாய்த்திருந்த வாழையிலிருந்து என் மாணவன் கபிலன் ஒரு முழத் தண்டு கொண்டுவந்திருந்தான். அதை ஆய்வுகூட மேசையில் கிடத்தி மூன்று ஒட்டிகளை ஒட்டினான். ஒட்டி என்றால், இதயத் துடிப்பு எடுக்க நெஞ்சில் ஒட்டுவார்களே, அந்த வட்ட வெள்ளைத் துண்டுதான். அவற்றிலிருந்து போன வயர்கள் ஒரு சின்னப் பெட்டிக்குள் நுழைந்து, மறுபக்கத்தால் வெளியே வந்து, ஒரு பிளாஸ்ரிக் கைக்குள் போயின.

கை ஒரு தாங்கியில், உள்ளங்கை நிலத்தைப் பார்க்க, பூட்டப்பட்டிருந்தது. விரல்கள் பாதி மடங்கியிருந்தன.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே கிளிநொச்சி வெயில் தார் வீதியை உருக்கிக்கொண்டிருந்தது. ஒரு காகம்கூடக் கத்தவில்லை.

"வாழைத்தண்டுக்குத் தசை இல்லை. ஆகவே கை அசையக் கூடாது. அசைஞ்சால் வயரிலை பிழை. அவ்வளவுதான்" என்று விரிவுரைக் குரலில் சொன்னேன்.

கபிலன் சுவிட்சைப் போட்டான்.

கை திறந்தது. பட்டென்று அல்ல. சின்ன விரல் முதலில், பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது என்று மெதுவாக, மிக மெதுவாக விரிந்தது. கடைசியாகப் பெருவிரல் விலகியபோது, உள்ளே இருந்த எதையோ அது நிலத்தில் போட்டுவிட்டதுபோல இருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்து நிலத்தைப் பார்த்தோம்.

நிலத்தில் ஒன்றும் இல்லை.

"மிஸ், நான் ஒண்டும் செய்யேல்லை" என்றான் கபிலன். பக்கத்தில் நின்ற மற்ற மாணவி றெஜினா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுவிட்டு, நான் பார்ப்பதைக் கண்டு, "பழக்கம் மிஸ்" என்றாள்.

இப்பத்தான் அவர் செத்தவர்

சென்ற வாரம் இந்தப் பத்தியில், என் முதல் வகுப்பில் நான் உளறியதை எழுதியிருந்தேன். அந்த வகுப்பிலேயே வெண்பலகையில் ஒரு வசனமும் எழுதினேன். ஒவ்வொரு வருடமும் எழுதுகிறேன்: ஒவ்வொரு இரைச்சலுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். இரைச்சல் என்றால் இங்கே சத்தம் இல்லை, சமிக்ஞையில் காரணம் தெரியாமல் கலக்கும் அலைதான்.

அது வந்த கதையைச் சொல்லிவிட்டு வாழைத்தண்டுக்குத் திரும்பி வருகிறேன்.

நான் படித்ததும் இப்போது தற்காலிக விரிவுரையாளராகப் படிப்பிப்பதும் உயிர்மருத்துவப் பொறியியல். ஊரில் கேட்பவர்களுக்கு ஆஸ்பத்திரி மெசின் படிப்பு என்று சொல்லிவிடுவேன். மாணவியாக இருந்தபோது வன்னியில் ஒரு வைத்தியசாலைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு வார்டின் மூலைக் கட்டிலில் யாரையும் படுக்க விடுவதில்லை. ஏன் என்று கேட்டேன். அந்தக் கட்டிலுக்குரிய இதயத்துடிப்புத் திரை, ஆள் இல்லாமலே துடிப்புக் காட்டுகிறதாம்.

போய்ப் பார்த்தேன். வெறும் றப்பர் மெத்தை. அதன்மேல் சுருண்டு கிடக்கும் வயர்கள். திரையில் அழகான ஒழுங்கில் துடிப்பு. தாளம் தப்பவேயில்லை.

இரண்டு நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால், மேலே மெதுவாகச் சுழன்ற மின்விசிறியின் ஒரு இதழ் வளைந்திருந்தது. அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வயரைக் காற்றால் ஆட்டியிருக்கிறது. விசிறியை நிறுத்தினேன். திரையில் கோடு நேரானது.

நான் ஒரு கைதட்டலை எதிர்பார்த்துத் திரும்பினேன். வார்டைத் துடைக்கும் அம்மா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு திரையைப் பார்த்தபடி நின்றா.

"இப்பத்தான் பிள்ளை அவர் உண்மையா செத்தவர்" என்றா.

அன்றைக்கு அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன்.

மண்வெட்டி பிடிக்க ஒரு கை

பிளாஸ்ரிக் கை என் இரண்டு இறுதியாண்டு மாணவர்களின் செயல்திட்டம். கபிலன் துணுக்காய்ப் பொடியன், கமக்காரக் குடும்பம், வாய் மூடாது. றெஜினா முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. பத்து வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டு சொல்வாள்.

கை யாருக்கு? ஜெயபுரத்துப் பார்வதி அக்காவுக்கு. அவாவின் குடும்பம் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியது. அக்கா அப்போது கைக்குழந்தை. எங்கள் மண்ணிலேயே வளர்ந்தாலும் தாயிடமிருந்து வந்த மலையகப் பேச்சு அவாவுக்கு மாறவில்லை. வலக்கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழோடு இல்லை.

"என்ன வேலைக்குக் கை வேணும் அக்கா?" என்று முதல் நாள் கேட்டேன். கோப்பை பிடிக்க, தலை சீவ என்று ஏதாவது சொல்வா என்று குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தேன்.

"மம்பட்டி புடிக்கணும் மிஸ். வாய்க்காத் தண்ணியத் திருப்ப ஒருத்தனக் கூப்புட்டா, அவன் வயலுக்குத் திருப்பிட்டுத்தான் எனக்குத் திருப்புறான்."

மாரி மழையோடு வரும் காலபோக விதைப்புக்கு முன் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தேன். எனக்கு வாக்குக் கொடுப்பதில் எப்போதும் அவசரம்.

வேலை செய்யும் விதம் சுலபம். கை போனாலும், அதை இயக்கிய தசைகள் முன்கையில் மிச்சமிருக்கும். பொத்த நினைத்தால் தசை இறுகும், மின் சமிக்ஞை கூடும், பிளாஸ்ரிக் கை பொத்தும். தசை தளர்ந்தால் கை திறக்கும். கூடுதல், குறைவு என்று சொல்ல ஒரு பூச்சியம் வேண்டுமே. அதற்குத்தான் முதலில் ஓய்வு நிலையைப் பதிவு செய்வோம்.

"கையைச் சும்மா வையுங்கோ அக்கா" என்றேன்.

அவா தன் முன்கையைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. "சரிங்க" என்றா. நான் பொத்தானை அழுத்தினேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பாடநூலில் இதற்கென ஒரு கேள்விப் படிவம் இருக்கிறது. நான்தான் தமிழாக்கினேன். அதன் ஏழாம் கேள்வி: இல்லாத உறுப்பை இன்னமும் உணர்கிறீர்களா? அது இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது?

எல்லாப் பிரதிகளிலும் அந்தக் கேள்வியைக் கறுப்புப் பேனாவால் அடித்தேன்.

வன்னியில் போரில் கை கால் இழந்தவர்களிடம் அதைப் பற்றிக் கேட்பதில்லை. பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் இருந்தாலும் மழை, நெல் விலை, பிள்ளையின் சோதனை எல்லாம் கதைப்போம். அதைக் கேட்க மாட்டோம். யாரும் சொல்லித் தந்ததில்லை. "எப்படி நடந்தது, இப்ப எப்படி இருக்குது எண்டெல்லாம் வாயே திறக்கக் கூடாது" என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். மரியாதை என்று நினைத்தேன்.

கைக்கு எங்களைப் பிடிக்கவில்லை

கை பூட்டிய முதல் நாள் பார்வதி அக்கா மண்வெட்டியைப் பிடித்தா. அருமையாகப் பிடித்தது. விடச் சொன்னோம். விடவில்லை.

"விடுங்கோ அக்கா, தளர விடுங்கோ."

"விட்டுட்டேன் மிஸ். இதுதான் விடல்ல."

பற்றரியைக் கழற்றி, கபிலன் விரல் விரலாக இழுத்துப் பிரித்தான். "மம்பட்டியோட போய்ப் படுக்க வேண்டியதுதான்" என்று அக்கா சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாய்க்காலில் தண்ணீருக்குள் நிற்கும்போது பிடித்தது விடாவிட்டால் என்ன ஆகும்?

மதிப்பீட்டுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. திறக்காத கையை மதிப்பீட்டாளர்கள் ஏற்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு வருடம் போகும். கை, ஆய்வுகூட அலுமாரிக்குள் போகும். அந்த அலுமாரியில் முந்திய அணிகளின் சரிவராத கைகளும் பாதங்களும் பொலித்தீனில் சுற்றி அடுக்கியிருக்கின்றன. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு விரல் வெளியே நீட்டும். அக்கா மறுபடியும் ஆள் கூப்பிட வேண்டும்.

அப்போதுதான் வாழைத்தண்டு. வாழைத்தண்டுக்குத் திறந்தது.

கபிலன் தன் கையில் ஒட்டிகளை ஒட்டினான். சும்மா வைத்திருந்தான். திறந்தது. றெஜினாவின் கையில், திறந்தது. என் கையில், திறந்தது. நனைத்த பஞ்சில், திறந்தது. எல்லாருக்கும் அதே மெதுவான வேகத்தில், சின்ன விரலில் தொடங்கி, உள்ளங்கை கீழே பார்க்க. பார்வதி அக்கா ஒருவருக்கு மட்டும் திறக்காது.

"கைக்கு எங்களைப் பிடிக்கேல்லை மிஸ். கண்டவுடனை விட்டிட்டுப் போகுது" என்றான் கபிலன்.

நான் சொந்தக்காரரைத் தேடத் தொடங்கினேன். மின்விசிறிகளை நிறுத்தினேன். ரயில் போகும் நேரத்தைக் குறித்து வைத்துப் பார்த்தேன். வயர்களை மாற்றினேன். ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது கைக்குப் பக்கத்தில் யாரோ பேய்க்குக் காவலாக ஒரு தேசிக்காய் வைத்திருந்தார்கள். கூட்ட வருகிற அக்கா எங்கள் மேசையின் கீழ் மட்டும் கூட்டுவதை விட்டிருந்தா.

நான் படித்தவள், பயமில்லை என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் கை விரியும் ஒவ்வொரு முறையும் நிலத்தைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

தடித்த கோடு

றெஜினா இரண்டு நாள் ஒன்றும் பேசாமல் பழைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.

"மேலை கபிலன்ரை ஓய்வு. கீழை அக்கான்ரை ஓய்வு."

கபிலனுடையது பென்சில் கீறியதுபோல் மெல்லிய கோடு. அக்காவுடையது தூரிகையால் இழுத்ததுபோல் தடித்துக் கிடந்தது.

"அக்கான்ரையிலை இரைச்சல் கூட" என்றேன்.

"இரைச்சல் இல்லை மிஸ்." கொஞ்சம் யோசித்தாள். அவள் நீளமாகப் பேசி நான் கேட்ட முதல் தடவை அதுதான். "அப்பா களப்பிலை தூண்டில் நூலைப் பிடிச்சுக்கொண்டு ஒரு மணித்தியாலம் அசையாமல் இருப்பார். கரையிலை நிண்டு பார்த்தால் மனிசன் சும்மா இருக்கிற மாதிரி. கிட்டப் போய்க் கையைத் தொட்டால் கல்லு மாதிரி இருக்கும். இதுவும் அப்படித்தான். அக்கா எதையோ பிடிச்சுக்கொண்டிருக்கிறா."

அக்கா வீட்டில் ஓய்வு நிலை பதிந்த அன்று நாங்கள் பதிவையும் வீடியோவையும் நிறுத்த மறந்து தேநீர் குடித்திருந்தோம். அந்தப் பகுதியை ஓட்டிக் காட்டினாள். அக்கா இடக்கையால் கோப்பையைத் தூக்குகிறா. கபிலனின் ஏதோ கதைக்குச் சிரிக்கிறா. கோழிக்குக் குரல் கொடுக்கிறா. கோடு மெலியவே இல்லை.

"சிரிக்கேக்கையும் விடேல்லை" என்றாள் றெஜினா.

ஒரு இறுகப் பொத்திய கையைத்தான் நாங்கள் பூச்சியம் என்று இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதனால்தான் தசையே இல்லாத வாழைத்தண்டைக் கண்டதும் அது, பிடித்தவர் விட்டுவிட்டார் என்று நினைத்துத் திறந்திருக்கிறது. பார்வதி அக்காவுக்குத் திறக்காததற்கும் அதுதான் காரணம். அவா விடவே இல்லை.

சொந்தக்காரர் கிடைத்துவிட்டார். ஆனால் எதைப் பிடித்திருக்கிறா?

"கேக்க வேணும் மிஸ்" என்றான் கபிலன். "நீங்கள்தானே கேக்கக் கூடாதெண்டு சொன்னனீங்கள்."

கோழி தின்றுவிடும்

மூன்று பேரும் ஜெயபுரம் பஸ் ஏறினோம். நாங்கள் இறங்கியபோது மத்தியானம் திரும்பியிருந்தது. வானம் கறுத்து, ஆனால் பெய்யாமல் நின்றது. அக்கா முற்றத்தில் படங்கு விரித்து விதைநெல் காயப்போட்டிருந்தா.

வாயால் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. படிவத்தை எடுத்து, கறுப்பு மைக்குக் கீழே தெரிந்ததை வாசித்தேன்.

"இல்லாத கை இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது?"

கறி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் அக்கா சொன்னா:

"நெல்லப் புடிச்சிக்கிட்டு இருக்குது."

நான் படிவத்திலிருந்து தலையைத் தூக்கினேன்.

"வெதநெல்லுங்க. ஒரு புடி. வயல்ல அள்ளி, வீசத் தூக்குனேன். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிதான்." அதற்கு மேல் அவா சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "மொதல்ல வெரலு எடையில குத்திக்கிட்டே இருந்துச்சு. மழ பேஞ்சா நனையும். இப்ப சில வருசமா மொளச்சிருக்குது மிஸ். வேரு வெரலச் சுத்திக்கிட்டு கெடக்குது. வலிக்காது. கூசும்."

"ஏனக்கா முதலே சொல்லேல்லை?" என்று கேட்டான் கபிலன்.

"யாரு தம்பி கேட்டா?"

எனக்குள் இருக்கும் அவசரக்காரி எப்போதும்போல் முந்திக்கொண்டாள். பாடநூலில் இதற்குப் பயிற்சிகள் இருக்கின்றன, பொத்திய கையை விரிக்கப் பழக்கலாம், பூச்சியம் சரியாகிவிடும். "அக்கா, ஒருக்கா விட்டுப் பாருங்கோவன். மெதுவா."

"இங்கயா? முத்தத்துலயா?" என்றா. "கோழி தின்னுரும்."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றோம். படங்கில் நெல் கொத்திக்கொண்டிருந்த சிவப்புப் பேடு, அதை விட்டுவிட்டு நடந்து வந்து, அக்காவின் வெறும் சட்டைக்கைக்கு நேர் கீழே நின்று தலையைச் சாய்த்து மேலே பார்த்தது. அக்கா இடக்கையால் அதை விரட்டினா.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் பயிற்சி அட்டவணை போடத் தொடங்கினேன். றெஜினா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "அவா கேட்டது மண்வெட்டி பிடிக்கிற கை மிஸ். நெல்லை விடுவிக்கச் சொல்லி எங்களை அவா கேக்கேல்லை."

அட்டவணையை மடித்து வைத்தேன்.

கையின் நிரலை மாற்றி எழுதினார்கள். அக்காவின் பொத்திய கையே பூச்சியமாக இருக்கட்டும். இன்னும் ஒருமுறை இறுக்கினால் பிளாஸ்ரிக் கை பிடிக்கும். இரண்டு தரம் விரைவாக இறுக்கினால் விடும். சமிக்ஞை பூச்சியத்துக்குக் கீழே போனால் இயந்திரம் கண்டுகொள்ளவே கூடாது. அது அக்காவின் சொந்த விஷயம்.

மதிப்பீட்டு நாளில் அக்கா மண்வெட்டியைப் பிடித்தா, விட்டா, பிடித்தா, விட்டா. வந்தவர்களில் ஒருவர் கோட்டைப் பார்த்துவிட்டு, ஓய்வு நிலை ஏன் இவ்வளவு உயரத்தில் நிற்கிறது, வயரில் பிழையா என்று கேட்டார்.

"இல்லை சேர்" என்றாள் றெஜினா. "பாவிக்கிறவா சும்மா இல்லை."

விதைப்பு முடிந்த பிறகு

கதை இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. பிள்ளைகள் சித்தியடைந்தார்கள். அக்கா வாய்க்கால் திருப்பினா. ஐப்பசியில் மழை வந்தது, விதைப்பு நடந்தது.

கைக்குள் ஒரு சின்ன நினைவட்டை இருக்கிறது. தசையின் அளவை நாள் முழுக்கப் பதிந்துகொள்ளும். கார்த்திகையில் கையைச் சோதிக்கக் கொண்டுவந்தபோது அந்தப் பதிவைத் திறந்தோம். மறுபடியும் ஆய்வுகூடம், மறுபடியும் ஒரு நடுப்பகல். வெளியே மழை இருட்டு.

ஒரு நாளின் கோடு மட்டும் மற்ற நாட்களைப்போல் இல்லை. பூச்சியத்திலிருந்து கீழே விழுகிறது. திரும்பி ஏறுகிறது. விழுகிறது, ஏறுகிறது. ஒரே ஒழுங்கில் கொஞ்ச நேரம், பிறகு ஒரு நிறுத்தம், பிறகு மறுபடியும். காலை முழுக்க.

வெறும் கட்டிலில் துடித்த திரை எனக்கு ஞாபகம் வந்தது. "நடக்கேக்கை உடம்பு ஆடியிருக்கும். வயர் இழுபட்டிருக்கும்" என்றேன்.

கபிலன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினான். "றெஜினா, விழுகிற ஒவ்வொரு இடத்திலையும் சொல்லும்."

அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள்: "இப்ப. இப்ப. இப்ப."

அவன் ஆய்வுகூடத்தின் நீளத்துக்கு நடந்தான். ஒரு அடிக்கு இடக்கையை வீசினான். அடுத்த அடிக்கு, றெஜினா 'இப்ப' என்னும்போது, வலக்கையை விரித்தான். நிறுத்தம் வந்த இடத்தில் சுவரடியில் நின்றான்.

"இது வரம்பு" என்றான். "திரும்புறா."

பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்: "உடம்பு ஆடினால் கோடு மேலையும் போகும் மிஸ். இது கீழை மட்டும்தான் போகுது. விடுறது மட்டும். விட்டிட்டு அள்ளுறா."

அந்த நாள் முழுக்கப் பிளாஸ்ரிக் கை அசையவில்லை என்றும் பதிவு சொன்னது. விதைநெல் வாளியைப் பிடித்தபடியே இருந்திருக்கிறது. கீழே போவதைக் கண்டுகொள்ளாதே என்று நாங்கள்தானே எழுதிக் கொடுத்தோம்.

பார்வதி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஆமாங்க, அன்னைக்குத்தான் வெதச்சேன்" என்றா. "இடக்கையால வீசுனா வலப்பக்கம் ஐதாத்தான் மொளைக்கும். இத்தன வருசமா அப்புடித்தான். இந்த வருசம் வந்து பாருங்க மிஸ். ரெண்டு பக்கமும் ஒரே அடர்த்தி."

"அந்தக் கையிலை இப்ப என்ன இருக்குது அக்கா?"

"நெல்லுதான்." கூரையில் மழை விழும் சத்தம் அவாவின் பக்கமிருந்து கேட்டது. "ஒரு புடி. கொறையவே இல்லீங்க."

போனை வைத்துவிட்டு அவாவின் படிவத்தைக் கோப்பிலிருந்து எடுத்தேன். ஏழாம் கேள்விக்கு நேரே, ஜெயபுரத்திலிருந்து வந்த அன்று நான் எழுதிய விடை இருந்தது: பிடித்துக்கொண்டிருக்கிறது. கபிலன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். கையை நீட்டிப் பேனாவை வாங்கி, அந்தச் சொல்லை அடிக்காமல், அதற்குக் கீழே இன்னொரு சொல் எழுதினான்.

விதைக்கிறது.